சிவப்பு அரளியும் சித்தப்பாவின் கால்களும்

அம்மன் துணை.

இதை எழுத வேண்டும் என்று நினைத்து ஏழெட்டு வருடம் ஆகிறது. இரண்டு முறை நோட்டு வாங்கிப் பிள்ளையார் சுழி போட்டு, அப்படியே மூடி வைத்துவிட்டேன். ஒரு நோட்டில் மகன் வீட்டுப்பாடம் எழுதிவிட்டான். இன்னொன்று எங்கே போனதென்றே தெரியவில்லை. நான் எட்டாவது வரைதான் படித்தவள், ஆனால் தயக்கம் அதனால் இல்லை. சாமி காரியத்தில் நான் ஒரு பொய் சொன்னேன். அதை என் வாயால் ஒப்புக்கொள்ள இவ்வளவு நாள் தைரியம் வரவில்லை. இந்த ஆடிக்குக் கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றி, "தாயே, எழுதப் போகிறேன், தப்பாக இருந்தால் தடுத்துவிடு" என்று சொல்லிவிட்டு வந்தேன். தடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கொல்லிமலையில் குண்டூர் நாட்டைச் சேர்ந்தது. செம்மேட்டிலிருந்து வரும் பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மணி நேரம் நடக்க வேண்டும். நான் அப்போது நான்காவது படித்தேன். தொண்ணூற்றெட்டாக இருக்கும், அல்லது அதற்கு அடுத்த வருடம். வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா என்று நாலு பேர். அம்மா கல்யாணமாகி வந்தபோது சித்தப்பாவுக்கு ஏழு வயதாம். தாயில்லாத பிள்ளையை அம்மாதான் தலைவாரி, சோறு போட்டு வளர்த்தாள். "அண்ணி" என்று அவர் கூப்பிடும்போது அதில் "அம்மா" என்பதுதான் கேட்கும்.

சித்தப்பாவுக்குப் போலீஸில் சேர வேண்டும். மலையிலிருந்து யாரோ ஒருவர் சேர்ந்து, காக்கி உடுப்போடு செம்மேட்டுச் சந்தையில் நின்றதை அவர் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து அவருக்குச் சாமை வயலில் வேலை ஓடவில்லை. எழுதிப் போட்டார். கீழே மைதானத்தில் ஆள் எடுக்கும்போது ஓட விடுவார்கள், கயிறு ஏறச் சொல்வார்கள், நீளம் தாண்டச் சொல்வார்கள் என்றும், ஆயிரத்தைந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்துக்குள் ஓடி முடிக்காதவனை வாசலோடு அனுப்பிவிடுவார்கள் என்றும் கேட்டு வந்தார்.

எங்கள் ஊரில் மைதானம் ஏது? எங்கள் வீட்டுப் பலா மரத்திலிருந்து ஓடைப் பாலம் வரைக்கும் போகிற மண்ரோட்டை அளந்தார். பள்ளிக்கூடத்து மீட்டர் கட்டையை வாங்கி வந்து உழவுக் கயிற்றில் பத்து மீட்டர் அளந்து வெட்டி, ஒரு முனையை என் கையில் கொடுத்தார். நடுவில் மாடு குறுக்கே வந்ததில் எனக்கு எண்ணிக்கை விட்டுப்போனது. "எதுக்கும் இருக்கட்டும்" என்று ஒரு கயிறு கூட்டிக்கொண்டார். போய்த் திரும்பினால் ஒரு சுற்று. மூன்று சுற்று ஓட வேண்டும். பலா மரத்துக் கிளையில் கிணற்றுக் கயிறு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டார். அது ஏறிப் பழக.

நேரம் பார்ப்பது என் வேலை. சந்தையில் வாங்கிய பொத்தான் வைத்த கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. மரத்தடிக் கல்லில் உட்கார்ந்து, அவர் கிளம்பும்போது ஒரு அமுக்கு, வந்து சேரும்போது ஒரு அமுக்கு. இடது கட்டைவிரலால்தான் அமுக்குவேன். எனக்கு எல்லாம் இடது கைதான் வரும். கல்லெறிவது, எழுதுவது, பூப்பறிப்பது எல்லாமே. "நொட்டாங்கைக்காரி" என்பதுதான் ஊரில் எனக்குப் பெயர். சோறு மட்டும் வலது கையால் தின்னும்படி அம்மா அடித்துப் பழக்கியிருந்தாள்.

அவர் ஓடுவதை ஊர் வேடிக்கை பார்த்தது. தலைச்சுமையோடு எதிரே வருகிறவர்கள் ஒருவர் விடாமல் கேட்பார்கள்.

"ஏன் சாமி, பஸ்ஸு போயிருச்சா?"

"நாயி எங்க, காணோமே? முன்னால ஓடிருச்சா?"

சித்தப்பா சிரித்துக்கொண்டே ஓடுவார். மூச்சு விடாமல் பதிலும் சொல்வார்.

தினமும் நேரத்தை நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுவேன். முதல் மாதம் ஏழு நிமிடம் பத்து விநாடி, ஏழு நிமிடம், ஆறு ஐம்பது என்று குறைந்துகொண்டே வந்தது. ஆனால் ஒழுங்காகக் குறையவில்லை. மிளகு பறிக்க வராததற்கு அப்பா சத்தம் போட்ட மறுநாள், முதல் சுற்றில் எறிந்த கல் மாதிரி போனவர் மூன்றாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாலத்தில் உட்கார்ந்துவிட்டார். தபாலில் அழைப்பு அட்டை வந்த மறுநாள் ஆறு நிமிடம் ஐந்து விநாடி. ஓடி முடித்துவிட்டு, "மூணு சுத்து ஆயிருச்சா கண்ணு?" என்று என்னைக் கேட்டார். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த நான்கு நாளும் ஏழுக்கு மேல். அதே கால், அதே ரோடு, அதே ராகிக்களி. அது ஏன் என்று அந்த வயதில் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. கடிகாரத்துக்குப் பைத்தியம் என்று நினைத்தேன்.

அப்பா கெட்டவரில்லை. தம்பி போய்விட்டால் ஒற்றை ஆளாக அந்தச் சரிவுக் காட்டை என்ன செய்வது என்ற பயம் அவருக்கு. போகாதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதனால் ஒருநாள், "அம்மங்கிட்டயே பூக் கேட்டுப் போடலாம். அவ போன்னா போகட்டும்" என்றார். சித்தப்பாவும் சம்மதித்தார். அட்டை வந்த சந்தோஷத்தில், அம்மன் வேறு என்ன சொல்லிவிடப் போகிறாள் என்று நினைத்திருப்பார்.

எங்கள் பக்கம் பூக் கேட்பது தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து, எது எதுவென்று தெரியாதபடி கலக்கிச் சாமி முன்னால் வைப்பார்கள். வயதுக்கு வராத பெண்பிள்ளை ஒன்று ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. எடுக்கிற நேரத்தில் பூசாரி சாமியைப் பார்த்துத் திரும்பி மணி அடிப்பார். சுற்றி நிற்கிறவர்கள் கண்ணை மூடிக் கும்பிட வேண்டும். பிள்ளை வலது கையால்தான் எடுக்க வேண்டும். முறை தவறினால் அது கேட்டதாகவே கணக்கில்லை. பிறகு அடுத்த அமாவாசைக்குத்தான் மறுபடி கேட்க முடியும்.

எங்கள் வீட்டில் பெண்பிள்ளை நான்தான். செவ்வாய்க்கிழமை தலைக்கு ஊற்றி, பாவாடை கட்டி, கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். அம்மாவுக்கு என் இடது கை மேல் பயம். வழியெல்லாம், "சோத்துக்கை சாமி, சோத்துக்கை" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அதுவும் போதாதென்று, மணி அடிக்கத் தொடங்கியதும் என் இடது மணிக்கட்டைப் பிடித்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். எல்லோரும் கண்ணை மூடிக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அம்மா மட்டும் கும்பிடவில்லை.

இனிச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம். அந்த நேரத்தில் நான் வேண்டிக்கொண்டது, சித்தப்பா போகக்கூடாது என்று. மழைக்காலத்தில் ஓடையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போக அவர் தோள்தான் எனக்கு வழி. தோளில் உட்கார்ந்து அவர் காதைப் பிடித்துக்கொண்டால், வலப்பக்கம் இழுத்தால் வலப்பக்கம் போவார், இடப்பக்கம் இழுத்தால் இடப்பக்கம் போவார். அவர் போலீஸாகிப் போய்விட்டால் அந்தக் காது யாருடையது? "தாயே, சித்தப்பா இங்கயே இருக்கணும்" என்று மனதுக்குள் சொல்லி, வலது கையால் ஒரு பொட்டலத்தை எடுத்தேன்.

பூசாரி பிரித்தார். சிவப்பு.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா என் தலையில் கை வைத்து, "பரவால்ல கண்ணு, நீ என்ன பண்ணுவே" என்றார். எனக்கோ உள்ளுக்குள் ஒரே குதிப்பு. அம்மன் நான் கேட்டதைக் கேட்டுவிட்டாளே!

அடுத்த நாளும் சித்தப்பா ஓடினார். போகப் போவதில்லை என்று முடிவான பிறகு எதற்கு ஓடினார் என்று தெரியவில்லை. பழக்கமாக இருக்கலாம். இல்லை, அம்மன் மனது மாறும் என்று நினைத்தாரோ என்னவோ. ஏழு நிமிடம் நாற்பது. மறுநாள் எட்டு நிமிடம். கயிற்றில் பாதி ஏறி, அதற்கு மேல் கை போகாமல் பலாக்காயோடு பலாக்காயாகத் தொங்கினார். "ஏன் சாமி, பஸ்ஸு போயிருச்சா?" என்று கேட்டவருக்கு, "போயிருச்சுங்க" என்று நின்று பதில் சொன்னார். சிரிக்கவில்லை.

"காலு என்ர காலாவே இல்ல கண்ணு," என்றார் என்னிடம். "யாரோ ஆளைப் புடிச்சு உக்கார வெச்ச மாதிரி இருக்குது."

நான் அதை அப்படியே நம்பினேன். அம்மன் அவர் காலைக் கட்டிப் போட்டிருக்கிறாள். மத்தியானம் அவர் படுத்துத் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு காலையும் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை தேடிப் பார்த்தேன், கயிறோ நூலோ ஏதாவது தெரிகிறதா என்று. ஒரு முள் தழும்பும் அட்டை கடித்த இடமும்தான் இருந்தன. கண்ணுக்குத் தெரியாத கட்டுப் போலிருக்கிறது. அதைக் கட்டச் சொன்னதே நான்தான் என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. அன்று களி இறங்கவில்லை.

முதலில் சின்னதாகத்தான் ஒரு பொய் சொல்லிப் பார்த்தேன். ஏழு முப்பதுக்கு வந்தவரிடம், "ஆறு அம்பது சித்தப்பா!" என்று கத்தினேன். அவர் ஒரு நொடி நிமிர்ந்தார். முகத்தில் வெளிச்சம் வந்த மாதிரி இருந்தது. பிறகு கடிகாரத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, என் மடியில் திரும்ப வைத்தார். அதிலிருந்து ஓடுவதையே விட்டுவிட்டார்.

ஆள் எடுக்க இன்னும் ஆறு நாள் இருந்தது. ஒரு சாயங்காலம். அம்மா வாசலில் மூட்டியிருந்த அடுப்பில் களி கிளறிக்கொண்டிருந்தாள். இரவல் வாங்கிப் போன மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்க வந்த பூசாரி, அப்பாவோடு உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சித்தப்பா ஏணி வைத்துப் பலா மரத்தில் ஏறி அந்தக் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போயிருந்ததால் பல்லால் கடித்து இழுத்தார்.

"என்னப்பா பண்றே?" என்று அப்பா கேட்டார்.

"இனி இது எதுக்குங்கண்ணா. மாட்டுக்காவது ஆகும்."

கயிறு கீழே விழுந்த சத்தம் பெரிய சத்தம் இல்லை. ஆனால் எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. எழுந்து நடு வாசலில் நின்றேன். இப்படிச் சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்ததெல்லாம் இல்லை. வாய்க்கு வந்தது.

"நான் நொட்டாங்கையிலதான் எடுத்தேன்."

"என்னத்த?" என்றார் பூசாரி.

"பூவு. நொட்டாங்கையில எடுத்துட்டு அப்பறம் கை மாத்திக்கிட்டேன்."

மண்வெட்டி பூசாரி கையிலேயே நின்றது. அப்பா, "நெசமாவா புள்ள?" என்றார். நான் தலையாட்டினேன். சித்தப்பா ஏணியின் பாதியில் நின்று பார்த்தார். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நொட்டாங்கைக்காரி வேறு எந்தக் கையால் எடுப்பாள்?

எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள், நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் கிளறுவதை நிறுத்தியிருந்தாள். கையில் களித் துடுப்பு அப்படியே இருந்தது. என்னையும், ஏணியில் நின்ற சித்தப்பாவையும், கீழே கிடந்த கயிற்றையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுப்பில் களி பொக்கு பொக்கென்று கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அவ்வளவு நேரம் களியைக் கிளறாமல் விட்டவள் இல்லை அவள்.

பிறகு எழுந்து வந்தாள். என் இடது கையைப் பிடித்து நீட்டி, துடுப்பால் நான்கு அடி அடித்தாள். துடுப்பில் ஒட்டியிருந்த களி சுட்டது.

"வழியெல்லாம் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! சோத்துக்கை சோத்துக்கைன்னு சொன்னேனே! சாமி காரியத்துல இப்படிப் பண்ணுவியா? பண்ணுவியா?"

அவள் குரல் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேட்டது. சித்தப்பா ஏணியிலிருந்து குதித்து ஓடி வந்து என்னை இழுத்துக்கொண்டார். "அண்ணி, உடுங்க அண்ணி, சின்னப்புள்ள!"

அம்மா மூச்சு வாங்கினாள். பூசாரியைப் பார்த்து, "நீங்களே சொல்லுங்க மாமா. இது செல்லுமா?" என்றாள்.

பூசாரி தாடியைத் தடவினார். "மொறை தப்பிப் போச்சுதே. அப்ப அம்மன் ஒண்ணும் சொல்லல. இனி அமாவாசைக்குத்தான் கேக்கோணும்."

"அதுக்குள்ள அங்க ஆள் எடுத்து முடிச்சுப்போடுவாங்களே," என்றார் அப்பா.

"ஏனுங்க," அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "அவ ஒண்ணும் சொல்லலீன்னா, நாமதானுங்க சொல்லோணும்."

அப்பா எழுந்தார். கீழே கிடந்த கயிற்றை எடுத்துச் சித்தப்பாவிடம் நீட்டினார். "மறுக்கா கட்டு. போன தடவ கட்டுனது ஒரு சாண் எறக்கமா இருந்துது" என்றார். அவ்வளவுதான். அன்று களி அடிப்பிடித்துவிட்டது. தீய்ந்த வாசனையோடு எல்லோரும் தின்றோம். யாரும் குறை சொல்லவில்லை.

மறுநாள் காலையில் சித்தப்பா ஓடினார். பூக் கேட்டதிலிருந்து ஏழரை நிமிடத்துக்குக் கீழே இறங்காத மனிதர், ஆறு நிமிடம் இருபது. எனக்குக் கடிகாரத்தை அமுக்கவே முடியவில்லை. இடது கை வீங்கியிருந்தது. வலது கட்டைவிரலால் அமுக்கினேன். அதனால் ஒரு விநாடி முன்னே பின்னே இருக்கலாம். நான்காம் நாள் ஆறு நிமிடம் இரண்டு. கயிற்றில் உச்சிக்குப் போய், அங்கே பழுத்திருந்த பலாவைத் தட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். "பஸ்ஸு போயிருச்சா சாமி?" என்றவருக்கு, "பஸ்ஸே என்ர பின்னாலதானுங்க வருது!" என்று ஓடிக்கொண்டே கத்தினார்.

அம்மன் கட்டை அவிழ்த்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். காலில் கட்டே இருந்ததில்லை, கட்டு வேறு இடத்தில் இருந்தது என்பது புரிய எனக்குப் பிள்ளை குட்டி பிறக்க வேண்டியிருந்தது.

கீழே மைதானத்தில் அவர் ஓடி ஜெயித்தார். "தூரம் கொஞ்சம் கம்மி மாதிரி இருந்துது கண்ணு. அன்னைக்கு நீ எண்ணிக்கைய உட்டதுல ஒரு கயிறு கூட்டுனது நல்லதாப் போச்சு" என்று வந்து சொன்னார். பயிற்சிக்குப் போகும் அன்று நான் பஸ் வரைக்கும் அவர் தோளில் போனேன். காதை எந்தப் பக்கமும் இழுக்கவில்லை. பஸ் வளைவில் திரும்பும் வரைக்கும் ஜன்னலில் கை தெரிந்தது. அந்த மழைக்காலம் முழுக்க ஓடையில் என்னைத் தூக்கிப் போனது அம்மாதான்.

அம்மனிடம் நான் கேட்டது ஒன்று, அப்பா கேட்டது ஒன்று. சிவப்புப் பூ யாருக்குப் பதில் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அம்மன் மேல் குறை சொல்ல மாட்டேன். வருடா வருடம் வெள்ளை அரளி மாலை கட்டி, என் பொய்க்கு மன்னிப்புக் கேட்டுச் சாத்திவிட்டு வருகிறேன். ஊரில் இந்தக் கதை வேறு மாதிரி ஆகிவிட்டது. தப்பாக எடுத்த பூவை அம்மனே குழந்தையின் நாவில் வந்து திருத்தினாள் என்று திருவிழாவில் சொல்கிறார்கள். என் எதிரிலேயே சொல்கிறார்கள். நான் இவ்வளவு நாளும் தலையாட்டிக்கொண்டு நின்றேன்.

அடி வாங்கியதற்கு மறுநாள் அம்மா எனக்குச் சோறு ஊட்டினாள். அடிபட்டது இடது கை. தின்னும் கை நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் மூன்று வேளையும் உருண்டை பிடித்து ஊட்டினாள். நான் கோபமாக வாயைத் திறந்து திறந்து வாங்கிக்கொண்டேன். நான் செய்யவே இல்லாத தப்புக்கு எதற்கு அடித்தாய் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்டால் பொய் உடைந்துவிடுமே என்று விழுங்கிவிட்டேன். என் கல்யாணத்துக்கு முந்தின நாள் ஒருமுறை, "அம்மா, அன்னைக்குப் பூ எடுக்கறப்ப..." என்று தொடங்கினேன். "அடுப்புல பால் இருக்குது பாரு கண்ணு" என்று எழுந்து போய்விட்டாள். அம்மா போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், கூட்டாமல் குறைக்காமல். மற்றது மறந்தாலும் இதை மட்டும் மாற்றிவிடாதீர்கள். பூவை எடுத்தது வலது கை. அடி வாங்கியது இடது கை. பூவை எடுத்த நேரத்தில் அந்த இடது கை, முந்தானைக்குள், அம்மாவின் பிடியில் இருந்தது.